குடல் சுவரின் இடுக்குகள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், குடலின் உள்வரிச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் ‘டைட் ஜங்ஷன்’ பற்றியும், கைனேஸ் வகை நொதிகள் (புரதங்களில் பாஸ்பேட் ஏற்றுபவை) அதை இறுக்குவதும் தளர்த்துவதும் பற்றியும் இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். கடிதங்களில் பாதிக்குமேல் பெங்களூரிலிருந்து. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: இரண்டு செல்களுக்கு நடுவே பசை மாதிரி ஏதோ இருக்கிறது என்றுதான் புரிந்துகொண்டேன். காய்ந்த பசையை ஒரு நொதி எப்படித் தளர்த்தும்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், அல்சூர்

பசை என்று வைத்துக்கொண்டால் கணக்கு இடிக்கும். தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1963-இல் மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இந்த இடத்தை விவரித்தபோது, அடுத்தடுத்த செல்களின் சவ்வுகள் ஒட்டிப்போனது போலத்தான் தெரிந்தது. அங்கே இருப்பது எந்தப் புரதம் என்பது மெல்ல மெல்லத்தான் வெளிப்பட்டது. 1986-இல் ஸெட்.ஓ-1, 1993-இல் ஆக்ளூடின், 1998-இல் கிளாடின். பின்னிரண்டும் ஜப்பானில் ஷோய்ச்சிரோ ட்ஸுகிடாவின் குழு கண்டுபிடித்தவை. தையலின் நூல் கிளாடின். மனித உடலில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு செல்லின் கிளாடின் பக்கத்துச் செல்லின் கிளாடினோடு கோத்துக்கொண்டு வரிவரியாக ஓடுகிறது. உட்புறத்தில் ஸெட்.ஓ-1 அந்த நூலைப் பிடித்து, செல்லின் கழுத்தைச் சுற்றி ஓடும் ஆக்டின்–மயோசின் வளையத்தில் (தசையைச் சுருக்கும் அதே வகைப் புரதங்கள்) கட்டிவைக்கிறது.

பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் பையின் வாய் சுருங்கும். இங்கே பைகள் கோடிக்கணக்கில். ஒவ்வொன்றும் பக்கத்துப் பையோடு வாய் விளிம்பில் தைக்கப்பட்டிருக்கிறது. எல்லாக் கயிற்றையும் ஒரே நேரத்தில் இழுத்தால் வாய்கள் சுருங்கும், நடுவிலுள்ள தையல் விரியும். ‘சுருங்கினால் ஏன் கசிகிறது?’ என்று பலர் கேட்டிருந்தார்கள், பதில் இதுதான். சுருங்குவது செல், விரிவது இடுக்கு.

கயிற்றை இழுக்கச் சொல்வது மயோசின் லைட் செயின் கைனேஸ், சுருக்கமாக எம்.எல்.சி.கே. செல்லுக்குள் கால்சியம் ஏறியதும், கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதம் அந்தக் கைனேஸை எழுப்பிவிடுகிறது. அது செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மயோசினின் சிறு சங்கிலியில் 19-ஆம் செரீனில் வைக்கிறது (செரீன், திரியோனின், டைரோசின் எல்லாம் புரதச் சங்கிலியின் மணிகளான அமினோ அமிலங்கள்; எண் சங்கிலியில் அவற்றின் இடம்). வைத்தவுடன் மயோசின் ஆக்டினை இழுக்கும். பாஸ்பேட்டைக் கழற்றுவதற்குத் தனியே ஒரு பாஸ்பட்டேஸ் இருக்கிறது. கழன்றால் வளையம் தளரும். ரோ கைனேஸ் என்ற இன்னொன்று குறுக்கு வழிக்காரன். முக்கியமாக அது செய்வது, கழற்றுகிற பாஸ்பட்டேஸின் கையைக் கட்டிப்போடுவது. வைப்பவனைத் தூண்டினாலும், எடுப்பவனைத் தடுத்தாலும் முடிவு ஒன்றுதான்.

இழுப்பு ஆரம்பம் மட்டுமே. அது நீடித்தால் ஆக்ளூடின் சவ்விலிருந்து கேவியோலின் என்ற சவ்வுப் புரதத்தின் வழியாக உள்ளே விழுங்கப்படுகிறது. அப்போதுதான் பெரிய மூலக்கூறுகளுக்கு வழி கிடைக்கும். தையலில் இரண்டு விதமான வழிகள் உண்டு. கிளாடின் தானே அமைக்கும் துளை ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அதில் அயனிகளும் தண்ணீரும் போகும், புரதம் போகாது. மற்றது கசிவுப் பாதை; எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது, சுமார் 10 நானோமீட்டர் வரை. இந்த இரண்டையும் வெவ்வேறு நொதிகள் வெவ்வேறு விதமாக ஆட்டுகின்றன. கீழே வரும் பாதிக் குழப்பங்களுக்குக் காரணம் இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான்.

கேள்வி: சர்க்கரை சாப்பிட்டால் குடல் தையல் திறந்துகொள்ளும் என்று படித்தேன். அப்படியானால் வயிற்றுப்போக்கின்போது குழந்தைக்குச் சர்க்கரை கலந்த ஓ.ஆர்.எஸ். கொடுப்பது சரியா? – இல்லத்தரசி, மல்லேஸ்வரம்

கொடுக்கலாமா என்றால், கொடுத்தே ஆகவேண்டும்.

குளுக்கோஸை செல்லுக்குள் இழுப்பது எஸ்.ஜி.எல்.டி.-1 என்ற கடத்திப் புரதம். குளுக்கோஸ் தனியாக வராது, சோடியத்தையும் கூட்டிக்கொண்டுதான் நுழையும். இந்தக் கடத்தி வேலை செய்ய ஆரம்பித்ததும் எம்.எல்.சி.கே. விழித்துக்கொண்டு வளையத்தை லேசாக இழுக்கிறது. செல்லுக்குள் போன சர்க்கரையும் உப்பும் மறுபக்கம் வெளியேறி இடுக்கில் சேர, அதைத் தேடித் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் சத்து இடுக்கு வழியாகவே உள்ளே போகிறது. சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் இந்தத் திறப்பு உடல் தானாகச் செய்வது, சிறியது, தானே மூடிக்கொள்வது. வீக்கநோயில் டி.என்.எஃப். என்ற சமிக்ஞைப் புரதம் செய்வது வேறு: எம்.எல்.சி.கே. நொதியையே அதிகமாக உற்பத்தி செய்யவைத்து, இழுப்பை நாள்கணக்கில் நீட்டிக்கிறது. நொதி ஒன்றேதான். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக என்பதில்தான் உணவும் நோயும் பிரிகின்றன.

காலராவில் நடப்பதையும் பாருங்கள். 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே காட்டியபடி, கிருமி வெளிவிடும் நச்சுதான் குடலைக் கொட்டவைக்கிறது. அது செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறை ஏற்றி, புரோட்டீன் கைனேஸ்-ஏ வழியாகக் குளோரைடு வாய்க்காலைத் திறந்துவிடுகிறது. குளோரைடு செல் வழியே வெளியேறும். சோடியமும் தண்ணீரும் செல்களின் இடுக்கு வழியே பின்தொடரும். எஸ்.ஜி.எல்.டி.-1 மட்டும் இந்த நச்சுக்கு மசிவதில்லை. ஓ.ஆர்.எஸ். பிழைப்பது அந்த ஒரு வாசலில்தான். 1971-இல் பங்களாதேஷ் அகதிகள் தங்கியிருந்த பன்கான் முகாமில் திலீப் மகலனாபிஸ் டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுத்து நிரூபித்ததும் இதைத்தான்.

2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு லிட்டருக்கு: குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். குளுக்கோஸும் சோடியமும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல், சரிக்குச் சரி. மருந்துக்கடையில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் இந்த எண்களைத் தேடுங்கள். அட்டையில் ஆரஞ்சுப் பழம் படம் போட்டு, சர்க்கரை பல மடங்காக இருக்கும் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல, கூடுதல் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

வீட்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றே: ஒரு லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் கண்ணளவாகக் கொட்டுவது. கண்ணளவு இங்கே உதவாது. முழுப் பாக்கெட்டையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். சிறிய 200 மில்லி பாக்கெட்டும் விற்கிறார்கள், அளவைப் படித்துவிட்டுக் கரைக்கவும். பாக்கெட்டே கிடைக்காத இரவில், ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தை வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாக மறுபடியும் தொடங்குங்கள். கண் குழிந்து, துவண்டு, சிறுநீர் போகாமல் இருந்தால் ஓ.ஆர்.எஸ்.ஸோடு நிற்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: கேகோ-2 செல்களை இன்சர்ட்டில் 21 நாள் வளர்க்கிறேன். டீர் மதிப்பு ஒரு நாள் 420, மறுநாள் 300 என்று குதிக்கிறது. புரோட்டீன் கைனேஸ்-சி தூண்டியான பி.எம்.ஏ. கொடுத்தால் ஒரு முறை ஏறுகிறது, ஒரு முறை இறங்குகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்பேட் ஏறிய ஆக்ளூடின் தெரியவே இல்லை. எங்கே தப்பு? – முனைவர் பட்ட மாணவி, ஹெப்பாள்

மூன்று இடத்தில் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். (மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்: கேகோ-2 மனிதப் பெருங்குடலிலிருந்து வந்த ஆய்வகச் செல்கள்; இன்சர்ட் அவை வளரும், அடியில் துளைச்சவ்வு உள்ள குட்டிக் கிண்ணம்; வெஸ்டர்ன் பிளாட் ஒரு புரதத்தை அளவுப்படி பிரித்துப் பட்டையாக, அதாவது பேண்டாக, காட்டும் முறை. ‘டீர்’ என்பது செல் விரிப்பின் குறுக்கே மின்தடையை அளப்பது. இடுக்கு இறுக்கமானால் தடை ஏறும்.)

முதலில் டீர். இது வெப்பத்துக்கு மிகவும் மசியும் அளவு. தட்டு குளிரக் குளிரத் தடை ஏறும். இன்குபேட்டரிலிருந்து எடுத்தவுடன் 37 டிகிரியில் ஒரு நாள், அரை மணி கழித்து மறுநாள் என்று அளந்தால் வரும் வித்தியாசம் செல்லுடையது அல்ல, அறையுடையது. பெங்களூரில் ஏப்ரல் மதியமும் டிசம்பர் காலையும் அறை வெப்பத்தில் எட்டுப் பத்து டிகிரி மாறும், அதனால் ‘அறை வெப்பத்தில் அளந்தேன்’ என்று நோட்டில் எழுதினால் போதாது, டிகிரியை எழுதுங்கள். தட்டை 20 முதல் 30 நிமிடம் வெளியே வைத்து, வெப்பம் நிலைத்தபின் அளவெடுங்கள். மீடியம் மாற்றிய அன்றே அளக்கவேண்டாம். எலக்ட்ரோடின் நீளக்கால் வெளிக்கிண்ணத்தின் அடியைத் தொடவேண்டும், குட்டைக்கால் செல் விரிப்பைத் தொடக்கூடாது. ஒவ்வொரு கிண்ணத்திலும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

கணக்கு: கருவி காட்டும் ஓமிலிருந்து செல் இல்லாத இன்சர்ட்டின் ஓமைக் கழித்து, பரப்பளவால் பெருக்கவேண்டும். 12 மில்லிமீட்டர் இன்சர்ட்டின் பரப்பு 1.12 சதுர சென்டிமீட்டர். கருவி 380 காட்டி, வெற்று இன்சர்ட் 120 என்றால், 260 × 1.12 = 291 ஓம்.சதுர சென்டிமீட்டர். பரப்பால் வகுத்து ‘ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஓம்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அலகே இல்லை.

பெங்களூருக்கு மட்டுமான ஒரு விஷயம். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் ஏறக்குறைய 10% குறைவு. இன்குபேட்டர் 5% என்று காட்டினாலும் கார்பன் டை ஆக்சைடின் உண்மையான அழுத்தம் அதற்கேற்பக் குறைந்திருக்கும், மீடியத்தின் பி.எச். 0.05 அளவு காரமாக நகரும். சென்னையிலோ மும்பையிலோ எழுதிய முறையை அப்படியே பின்பற்றினால் மீடியம் கொஞ்சம் அதிக இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். 5.5% வைத்தால் சரியாகிவிடும். டீர் 420-லிருந்து 300-க்கு விழுந்ததற்கு இதைப் பழி சொல்ல முடியாதுதான், ஆனால் ஒப்பிடும்போது மறக்காதீர்கள்.

டீரை மட்டும் நம்பி எதையும் எழுதாதீர்கள். கூடவே 4 கிலோடால்டன் ஃபிட்சி-டெக்ஸ்ட்ரானை (ஒளிரும் சாயம் கட்டிய சர்க்கரைச் சங்கிலி) மேல்பக்கம் மில்லிக்கு 1 மில்லிகிராம் விட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து 30, 60, 90, 120-ஆம் நிமிடங்களில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து (எடுத்த அளவுக்கு மீடியம் திருப்பி ஊற்றி) 490 நானோமீட்டர் ஒளியில் தூண்டி 520-இல் அளங்கள். டீர் விழுந்து டெக்ஸ்ட்ரான் அசையவில்லை என்றால் அயனித் துளை மட்டும் திறந்திருக்கிறது. பெரும்பாலும் கிளாடின்-2 கூடியிருக்கும். இரண்டும் மாறினால் கசிவுப் பாதை. டெக்ஸ்ட்ரான் வெள்ளமாகக் கொட்டினால் செல்கள் செத்திருக்கின்றன, செத்த செல்லிலிருந்து கசியும் எல்.டி.எச். நொதியை மீடியத்தில் பார்த்து உறுதிசெய்துவிட்டு அந்தத் தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து பி.எம்.ஏ. இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். புரோட்டீன் கைனேஸ்-சி என்பது ஒரு நொதி அல்ல, ஒரு குடும்பம். அண்ணன் திறப்பான், தம்பி மூடுவான். பி.எம்.ஏ. வழக்கமான வகைகளையும் புதுவகைகளையும் எழுப்பும். ஸீட்டா போன்ற விலகிய வகைகளைத் தொடாது. ஆனால் பார்-3, பார்-6 புரதங்களோடு சேர்ந்து தையலைப் புதிதாகக் கட்டுவதும், ஆக்ளூடினில் 424, 438-ஆம் திரியோனின்களில் பாஸ்பேட் வைத்து அதை இடத்தில் நிறுத்துவதும் அந்த விலகிய வகைதான். அதோடு, பி.எம்.ஏ.யை ஓரிரவு விட்டால் அது எழுப்பிய நொதிகளையே செல் சிதைத்துத் தீர்த்துவிடும். 30 நிமிடப் பரிசோதனை நொதியைத் தூண்டுவது; 24 மணி நேரப் பரிசோதனை நொதியை ஒழிப்பது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ‘பி.எம்.ஏ.’ என்று போட்டால் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். 100 நானோமோலார், 30 நிமிடம் என்று ஒன்றை நிறுத்துங்கள். 0.1% டி.எம்.எஸ்.ஓ. ஒரு கிண்ணம், செயலற்ற 4-ஆல்ஃபா வடிவம் ஒரு கிண்ணம் ஒப்பீட்டுக்கு. அப்புறம் 24 மணி நேரத்தைத் தனிப் பரிசோதனையாகச் செய்யுங்கள்.

மூன்றாவது பிளாட். ‘பாஸ்பேட் ஏறிய ஆக்ளூடின்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் ஏறியது? 403, 404 திரியோனினில் ஏறினால் இறுகும், பி.பி.2ஏ பாஸ்பட்டேஸ் அதைக் கழற்றினால் தளரும். சார்க் கைனேஸ் 398, 402-ஆம் டைரோசின்களில் ஏற்றினால் ஸெட்.ஓ-1-இன் பிடி நழுவிக் கசியும். ஹைட்ரஜன் பெராக்சைடு செய்வது இதைத்தான். 408-ஆம் செரீனில் சி.கே.2 வைக்கும் பாஸ்பேட்டின் கதை இன்னொன்று: அந்த நொதியைத் தடுத்தால் கிளாடின்-2 துளை அடைபடுகிறது. ஒரே புரதம், நாலைந்து இடம், எதிரெதிர் பலன். இடத்தைச் சொல்லாமல் ‘பாஸ்பேட் கூடியது’ என்பது, ஊரைச் சொல்லாமல் ‘மழை பெய்தது’ என்பது போல.

பேண்ட் தெரியாததற்கு நாங்கள் முதலில் சந்தேகப்படுவது நீங்கள் கொட்டிய பெல்லட்டை. பாஸ்பேட் அதிகம் ஏறிய ஆக்ளூடின் தையலில் இறுகி உட்கார்ந்திருப்பதால் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற மென்மையான சோப்பில் கரையாது. லைசேட்டை (செல்லை உடைத்த கரைசல்) சுழற்றி, தெளிவை எடுத்துக்கொண்டு, அடியில் படிந்த பெல்லட்டைக் கழுவித் தள்ளியிருந்தால் தேடிய பொருளையே தள்ளிவிட்டீர்கள். பெல்லட்டை எஸ்.டி.எஸ். என்ற கடும் சோப்பு கலந்த பஃபரில் கரைத்து, குறுகிய ஊசியால் நாலைந்து முறை இழுத்துவிட்டு, தெளிவுக்குப் பக்கத்து வரிசையிலேயே ஓட்டுங்கள்.

இரண்டாவது சந்தேகம் பாஸ்பட்டேஸ். செல்லை உடைத்த கணம் முதல் அவை பாஸ்பேட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடும். தட்டை நேரே ஐஸில் வையுங்கள். பஃபரில் சோடியம் ஃபுளோரைடு 50 மில்லிமோலார், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10, சோடியம் ஆர்த்தோவனடேட் 1 இருக்கட்டும். வனடேட்டை வாங்கியபடியே கரைத்துப் போட்டால் பாதி பலன்தான். பி.எச். 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டு மறுபடி பி.எச். சரிசெய்து, நிறமே வராத நிலை வரும்வரை திருப்பிச் செய்யவேண்டும். இ.டி.டி.ஏ.வும் டி.டி.டி.யும் அதே பஃபரில் இருந்தால் வனடேட் செத்துப்போகும், அவற்றை விலக்குங்கள். பிளாட்டைப் பால் பொடியில் ஊறவைக்காதீர்கள். பாலின் கேசீனே பாஸ்பேட் நிறைந்தது. பி.எஸ்.ஏ. போதும். கழுவுவதும் பாஸ்பேட் பஃபரில் அல்ல, டிரிஸ் பஃபரில். கடைசியாக, தெரியும் மேல்பேண்ட் உண்மையில் பாஸ்பேட்டால்தானா என்று அறிய, லைசேட்டில் ஒரு பங்கை லாம்டா பாஸ்பட்டேஸில் 30 டிகிரியில் 30 நிமிடம் வைத்து ஓட்டுங்கள் (அந்தப் பங்கில் மட்டும் தடுப்பான்கள் கூடாது). மேலே இழுபட்ட பேண்ட் கீழே இறங்கினால் சந்தேகம் தீர்ந்தது.

கேள்வி: கால்சியம் மாற்றுப் பரிசோதனையில் செல்கள் பிரியவே மாட்டேன் என்கின்றன. – அதே துறை மாணவர், யலஹங்கா

(கால்சியத்தை எடுத்தால் தையல் பிரியும், திருப்பிக் கொடுத்தால் மறுபடி கட்டப்படும்; அதைப் பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை.) சீரத்தில் கால்சியம் இருப்பதை மறந்திருப்பீர்கள். கால்சியம் இல்லாத மீடியத்தில் சாதா சீரம் 10% ஊற்றினாலே போதிய கால்சியம் வந்துவிடும். கெலெக்ஸ் ரெசினில் வடித்த அல்லது டயாலிசிஸ் செய்த சீரம் பயன்படுத்துங்கள். அல்லது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.ஜி.டி.ஏ.யை 2 முதல் 4 மில்லிமோலார் விட்டு 20–30 நிமிடம் பாருங்கள். அதற்குமேல் விட்டால் செல் தட்டைவிட்டே கழன்றுவிடும். திரும்ப 1.8 மில்லிமோலார் கால்சியம் கொடுத்ததும் மணிக்கு மணி டீர் எடுங்கள். ஒரு கிண்ணத்தில் ரோ கைனேஸ் தடுப்பான் ஒய்-27632, 10 மைக்ரோமோலார் முன்கூட்டியே விடுங்கள். கால்சியத்தை எடுத்தாலும் வளையம் சுருங்குவது குறையும். இன்னொன்றில், செல்லின் ஆற்றல் குறைவை உணரும் கைனேஸான ஏ.எம்.பி.கே.யைத் தூண்டுங்கள். கால்சியம் திரும்பியதும் தானாக விழிக்கிற நொதி அது, எம்.டி.சி.கே. என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களில் தையல் சீக்கிரம் கட்டப்படுவது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: ‘லீக்கி கட்’ இருக்கிறதா என்று பார்க்க ஸோனுலின் ரத்தப் பரிசோதனை செய்தேன், ‘அதிகம்’ என்று வந்தது. கோதுமையை நிறுத்திவிட்டேன். சரிதானா? – ஐ.டி. ஊழியர், ஜெயநகர்

சரியில்லை, இரண்டுமே.

‘லீக்கி கட்’ என்பது குடல் தையல் கசிகிறது என்பதற்கு மக்கள் வைத்த பெயர்; ஸோனுலின் அந்தத் தையலைத் தளர்த்துவதாகச் சொல்லப்படும் புரதம். அந்தப் பெயர் வந்த கதை காலரா கிருமியில் தொடங்குகிறது. 1991-இல் அந்தக் கிருமியில் தையலைத் தளர்த்தும் ஒரு நச்சைக் கண்டார்கள். அதைப் போல ஒன்று நம் உடலிலும் இருக்கிறது என்று பின்னால் சொல்லி, 2009-இல் அது ஹாப்டோகுளோபின்-2 என்ற ரத்தப் புரதத்தின் முன்வடிவம் என்று அடையாளம் காட்டினார்கள். நம்மில் சிலருக்கு மரபணுப்படி ஹாப்டோகுளோபின்-2 உருவாகவே உருவாகாது. அவர்கள் ரத்தத்தில் ஸோனுலின் பூஜ்யம் வரவேண்டும். கடையில் விற்கும் எலைசா கிட்கள் அவர்களுக்கும் எண் காட்டின. அந்தக் கிட்கள் பிடிப்பது வேறு புரதங்களை என்று 2018-இலும் அதை ஒட்டியும் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. எண் வருகிறது, ஆனால் எதனுடைய எண் என்று தெரியாது. அதை வைத்து உணவை மாற்றவேண்டாம். இதே சிந்தனையில், செலியாக் நோய்க்காகச் செய்த லாரசோடைட் என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையும் 2022-இல் நிறுத்தப்பட்டது.

கோதுமை விஷயம் இதைவிட முக்கியம். செலியாக் நோய் (கோதுமையின் குளூட்டனால் குடல் புண்படும் நோய்) சந்தேகம் இருந்தால் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் சிறுகுடல் பயாப்சியும் செய்யவேண்டும், அதுவும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். குடல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் மீண்டும் சாப்பிட ஆரம்பித்தபின் பரிசோதியுங்கள்.

கசிவை அளக்க ஓரளவு நம்பத்தக்க வழி லாக்டுலோஸ்–மானிட்டால் என்ற இரண்டு சர்க்கரை வகைகளை வைத்துச் செய்யும் சோதனை. மானிட்டால் சிறியது, எளிதில் நுழையும். லாக்டுலோஸ் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு எடை, நல்ல குடலில் மிகக் கொஞ்சமே நுழையும். இரவு பட்டினி இருந்து, காலையில் சிறுநீர் கழித்தபின் இரண்டும் கலந்த நீரைக் குடித்து, அடுத்த ஐந்து மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேர்க்கவேண்டும். விகிதம் பார்ப்பதால் வயிறு மெதுவாக இறங்கினாலும் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் பெரும்பாலும் கழிந்துவிடும். கெடுப்பது முந்தைய நாள் மென்ற சர்க்கரையில்லா சூயிங்கம். அதிலேயே மானிட்டால் இருக்கும். வேலூர் உள்பட எட்டு நாடுகளில் குழந்தைகளிடம் இந்தச் சோதனையைச் செய்து பெரிய ஆய்வு நடந்தது. ஆனால் அது கூட்டத்தின் சராசரி பார்க்க உதவும் கருவி, ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்ட அல்ல.

கேள்வி: ஞாயிறு காலை கப்பன் பார்க்கில் 15 கிலோமீட்டர் ஓடுகிறேன். முழங்கால் வலிக்காமலிருக்க முன்னாலேயே ஒரு இபுபுரோஃபென். குடலுக்குக் கெடுதலா? – வாசகர், சாந்திநகர்

கெடுதல். ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் திரும்பிக் குடலுக்குக் குறைகிறது, செல்லில் ஏ.டி.பி. இறங்குகிறது, உடல் சூடு ஏறுகிறது. மருந்து அதன் மேல், குடலைக் காக்கும் புரோஸ்டகிளாண்டினையும் குறைத்து இருக்கிற கொஞ்ச ரத்த ஓட்டத்தையும் சுருக்குகிறது. பயிற்சி பெற்ற ஆண்களுக்கு 400 மில்லிகிராம் இரண்டு முறை கொடுத்து மிதிவண்டி ஓட்டவைத்த ஆய்வில், மருந்து மட்டும், ஓட்டம் மட்டும் என்பதைவிட இரண்டும் சேர்ந்தபோதுதான் குடல் செல் சேதமும் கசிவும் அதிகம். நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கும் இது ஆகாது. வலி மருந்து போட்டுத்தான் ஓடவேண்டும் என்றால் அந்த வாரம் ஓடவேண்டாம்.

கேள்வி: நார்ச்சத்து குடல் தையலை இறுக்கும் என்கிறார்களே, ராகி முத்தை தினமும் சாப்பிட்டால் போதுமா? – வாசகி, ராஜாஜிநகர்

ராகி நல்லது, முத்தையோ நம்மூர் களியோ. பெருங்குடல் பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்ரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைத் தரும். அது கேகோ-2 செல்களில் ஏ.எம்.பி.கே. வழியாகத் தையல் கட்டுவதை விரைவுபடுத்துகிறது. ஆனால் அதே செல்களில் 2 மில்லிமோலார் இறுக்கியது, 8 மில்லிமோலார் செல்லைச் சாகடித்துத் தளர்த்தியது. ஆகவே பியூட்ரேட் மாத்திரை என்று டப்பா வாங்கவேண்டாம். களியோடு கீரை, அவரை, மொச்சை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். மாலையில் மது என்றால் களி கைகொடுக்காது: குடலில் அது அசிட்டால்டிஹைடாகி, பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை அடக்கி, டைரோசின்களில் பாஸ்பேட்டைத் தங்கவைத்துத் தையலைப் பிரிக்கிறது.

கேள்வி: எம்.எல்.சி.கே.தான் வில்லன் என்றால், அதைத் தடுக்கும் மருந்து ஏன் இன்னும் வரவில்லை? – பி.ஃபார்ம் மாணவர், மாரத்தஹள்ளி

தடுப்பான்கள் இருக்கின்றன, எம்.எல்.-7 என்பதை ஆய்வகத்தில் தினமும் பயன்படுத்துகிறார்கள். மனிதனுக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அதே மரபணுவிலிருந்து வரும் நொதிதான் ரத்தக்குழாய், குடல் தசை, மூச்சுக்குழல் எல்லாவற்றிலும் மென்தசையைச் சுருக்குகிறது. அடைத்தால் ரத்த அழுத்தம் விழும், குடல் நகராமல் நின்றுவிடும்.

வழி வேறு பக்கம் திறந்திருக்கிறது. குடல் செல்லில் இந்த நொதி இரண்டு வடிவங்களில் இருக்கிறது, எம்.எல்.சி.கே.-1 என்ற வடிவத்தில் மட்டும் ஒரு சிறு கூடுதல் பகுதி உண்டு. வீக்கம் வந்தால் இந்த வடிவம் தையலுக்குப் பக்கத்து வளையத்துக்குக் குடிபெயர்கிறது. 2019-இல் டைவர்டின் என்ற சிறு மூலக்கூறைக் காட்டினார்கள். அது நொதியின் வேலையைத் தொடுவதில்லை, அந்த இடப்பெயர்ச்சியை மட்டும் தடுக்கிறது. நொதி செல்லின் நடுவில் இருந்தபடி மற்ற வேலைகளைச் செய்யட்டும், வளையத்துக்கு மட்டும் போகவேண்டாம் என்ற யோசனை. எலிகளில் வயிற்றுப்போக்கும் குடல் அழற்சியும் குறைந்தன. ஃபார்மகாலஜி வகுப்பில் ‘நொதித் தடுப்பான்’ என்றவுடன் வினைமையத்தை அடைப்பதை மட்டும் படித்திருப்பீர்கள். இது அந்த மையத்தில் கைவைக்கவே இல்லை.